பிளட்டூனில் எங்கே பிசகு? புது லெப்டினன்ட்டைப் பழக்கும் கம்பெனி கமாண்டருக்கான பிழை நீக்கும் வழிமுறை

சென்னை பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் 49 வாரங்கள் பயின்றோ, டேராடூன் ராணுவக் கழகத்தில் தேறியோ, தோளில் இரண்டு நட்சத்திரங்களுடன் காலாட்படைப் பட்டாலியன் ஒன்றுக்கு வந்து சேரும் லெப்டினன்ட்டுக்கு இருபத்துச் சொச்சம் வயதுதான் இருக்கும். அவர் கையில் மூன்று செக்ஷன்கள் கொண்ட ஒரு பிளட்டூனை, அதாவது முப்பதுக்கும் மேற்பட்ட ஆட்களை, ஒப்படைக்கிறோம். அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே ரைபிள் பிடித்தவர்கள் அங்கே செக்ஷன்களை நடத்தும் ஹவில்தார்களாக இருக்கிறார்கள். சுபேதாரின் பணிக்காலமோ ஏறத்தாழ அவருடைய வயதுக்குச் சமம். இந்தியக் காலாட்படையில் பிளட்டூனை வழக்கமாக நடத்துபவர் சுபேதார் போன்ற ஜே.சி.ஓ. (இளநிலை ஆணை அதிகாரி) தான். ஆகவே லெப்டினன்ட்டை அந்த இடத்தில் வைப்பது வேலை நடப்பதற்காக அன்று, அவர் வேலை கற்பதற்காகவே என்பதைக் கம்பெனி கமாண்டர் முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

கற்கும்போது பிசகுகள் வரும். வந்தவுடன் “பையனுக்குத் தலைமைக் குணம் போதாது” என்று ஒரே வரியில் முடித்துவிடுவது மெஸ்ஸில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. அந்தப் பேச்சைக் கொண்டு எதையும் பழுதுபார்க்க முடியாது. ரைபிள் சுடவில்லையென்றால் “இதற்குச் சுடும் குணம் இல்லை” என்று எவரும் ஆயுதம் பழுதுபார்க்கும் ஆர்மரரிடம் சொல்வதில்லை; மேகசினா, தோட்டாவா, ஃபயரிங் பின்னா, எக்ஸ்ட்ராக்டரா என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கிறோம். கீழே உள்ளவையும் அந்த முறையில் எழுதப்பட்டவை. வெளியே தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்கி, காரணம் எது என்று பிரித்துக் காட்டும் சோதனையைச் செய்து, அதற்குரிய மாற்றைக் கையாளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் ஐந்தைச் சுட்டிக்காட்டினால் ஐந்தும் அப்படியே இருக்கும்.

உத்தரவு முடிந்தபின் செக்ஷன் கமாண்டர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்

லெப்டினன்ட், நிலத்தை மணலில் வடித்துக் காட்டும் மணல் மாதிரியின் முன் நின்று முக்கால் மணி நேரம் பேசுகிறார். தகவல், நோக்கம், செயல்முறை, நிர்வாகம், தொடர்பு என்ற ஐந்து தலைப்புகளும் வரிசை தவறாமல் வருகின்றன. “ஏதாவது சந்தேகம்?” என்று கேட்கிறார்; எவருக்கும் சந்தேகமில்லை. அவர் நகர்ந்த பத்தாவது நிமிடத்தில் மூன்று செக்ஷன் கமாண்டர்களும் சுபேதாரைச் சூழ்ந்து நிற்கிறார்கள்.

மூவரில் பணியில் இளையவரைத் தனியே அழைத்து மூன்று கேள்விகள் கேளுங்கள். உன் செக்ஷன் என்ன செய்ய வேண்டும்? எதற்காகச் செய்ய வேண்டும்? அந்த நேரத்தில் பக்கத்துச் செக்ஷன் எங்கே இருக்கும்? லெப்டினன்ட் அருகில் இருக்கக் கூடாது, ஏனெனில் அவர் இருந்தால் அந்த நாயக்கோ ஹவில்தாரோ அவரைக் காப்பாற்றும் விடையைத்தான் சொல்வார். மூன்றில் எந்தக் கேள்வியில் தடுமாறுகிறார் என்பதை வைத்துக் காரணத்தைப் பிரித்துவிடலாம்.

முதல் கேள்வியிலேயே தடுமாறினால் பெரும்பாலும் மொழிதான் காரணம். தஞ்சாவூரிலிருந்து சென்று டோக்ரா, கார்வால் போன்ற வட இந்திய ரெஜிமெண்டில் சேர்ந்த இளைஞர் உத்தரவை ஆங்கிலத்தில் எழுதிவைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே அதை இந்தியாக்கிச் சொல்லும்போது பெயர்ச்சொற்கள் மிஞ்சுகின்றன, வினைச்சொற்கள் காணாமல் போகின்றன. எந்த மேடு, எந்த ஓடை, எத்தனை மணி என்பதெல்லாம் காதில் விழும். பிடிப்பதா, காப்பதா, சுட்டு மறைப்பதா என்பது விழாது. நீலகிரி வெலிங்டனில் மையம் கொண்ட மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வரும் பஞ்சாப் இளைஞரின் நிலையும் இதுவேதான். ‘தம்பிகள்’ என்று பிற படையினர் அழைக்கும் அந்த வீரர்களிடையே தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் நான்கும் புழங்கும். இதற்கு மாற்று, இரண்டு வாரங்களுக்கு ஆங்கிலக் குறிப்பைத் தடைசெய்வது. ஒவ்வொரு செக்ஷனுக்கும் ஒரே ஒரு வினைச்சொல்லை வீரர்களின் மொழியில் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். மற்றதை மணல் மாதிரியில் விரலால் காட்டிச் சொல்லட்டும். புதிதாக வந்த அதிகாரியைச் சில வாரங்கள் ஜவான்களின் பாரக்கிலேயே தங்கவைத்து, லங்கரில் அவர்களுடன் சாப்பிடவைக்கும் வழக்கம் பல பட்டாலியன்களில் உண்டு. அதை ஒரு சடங்காகக் கருதி ஒரு வாரத்தில் முடித்துவிட்ட கம்பெனிகளில்தான் இந்த அறிகுறி அதிகமாகத் தென்படுகிறது.

இரண்டாம் கேள்வியில் தடுமாறினால் நோக்கம் சரியாகச் சொல்லப்படவில்லை. “2ஆம் செக்ஷன் பாலத்துக்கு மேற்கிலுள்ள மேட்டைப் பிடிக்கும்” என்பது வேலை மட்டுமே. “பாலத்தைக் கடக்கும் 1ஆம் செக்ஷன் மீது மேற்கிலிருந்து எவரும் சுட முடியாதபடி 2ஆம் செக்ஷன் அந்த மேட்டைப் பிடிக்கும்” என்று சொன்னால், மேட்டின் மேல் போன பிறகு அது மறைவே இல்லாத வெறும் பாறை என்று தெரியவந்தாலும், அந்த ஹவில்தார் எவரையும் கேட்காமல் இருபது மீட்டர் கீழே இறங்கி எல்.எம்.ஜி.யை (இலகு இயந்திரத் துப்பாக்கியை) வைத்துவிடுவார். எதற்காக என்ற பகுதியை லெப்டினன்ட் மூன்று முறை மாற்றி மாற்றிச் சொல்லும்வரை விடாதீர்கள்.

மூன்றாம் கேள்வியில் தடுமாறினால் ஒத்திகை நடக்கவில்லை என்று பொருள். ஒத்திகை நடக்காததற்குக் காரணம் எப்போதும் நேரம்தான். கிடைத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் தனக்கு எடுத்துக்கொண்டு மீதியைக் கீழே விட வேண்டும் என்பது பல ராணுவங்களில் சொல்லிக்கொடுக்கப்படும் கணக்கு. பிற்பகல் 2 மணிக்கு உங்களிடமிருந்து வேலை கிடைத்து, இரவு 8 மணிக்குப் புறப்பட வேண்டுமென்றால், லெப்டினன்ட் 4 மணிக்குத் தன் உத்தரவை முடித்திருக்க வேண்டும். அப்போதுதான் செக்ஷன்களுக்கு வெளிச்சத்தில் ஒரு முறை நடந்து பார்க்க நேரமிருக்கும். நடைமுறையில் அவர் மாலை ஆறரை வரை அழகான கையெழுத்தில் உத்தரவை எழுதிக்கொண்டிருப்பார், ஏனெனில் பயிற்சிக் கழகத்தில் அதற்குத்தான் மதிப்பெண் கிடைத்தது. அவருடைய நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, முதல் பதினைந்து நிமிடத்துக்குள் முன்னறிவிப்பு உத்தரவை மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள்: என்ன வேலை, எத்தனை மணிக்குப் புறப்பாடு, என்னென்ன எடுக்க வேண்டும், எங்கே கூட வேண்டும். அதைக் கேட்டவுடன் தோட்டா, தண்ணீர், பேட்டரி, முதலுதவி எல்லாம் தாமாகவே நகரத் தொடங்கும்.

சுபேதார் பேசுகிறார், லெப்டினன்ட் தலையாட்டுகிறார்

பிளட்டூனில் எதைக் கேட்டாலும் விடை சுபேதாரிடமிருந்து வருகிறது. லெப்டினன்ட் அருகில் நின்று ஆமோதிக்கிறார். வேலை என்னவோ நன்றாகவே நடப்பதால் இந்தப் பிசகு மாதக்கணக்கில் கண்ணில் படாமலே போகும்.

சோதனையை உங்களிடமிருந்தே தொடங்க வேண்டும். கடந்த ஒரு வாரத்தில் அந்த பிளட்டூன் சம்பந்தமாக நீங்கள் யாரை அழைத்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவசரத்தில் “சுபேதார் சாப், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லியனுப்பியது பாதிக்கு மேல் இருந்தால், லெப்டினன்ட்டை ஓரங்கட்டியவர் நீங்கள்தான். நான் கம்பெனி நடத்திய முதல் ஆண்டில் இதைச் செய்துகொண்டு, அந்த இளைஞருக்கு முன்முயற்சி போதாது என்று அறிக்கையிலும் எழுதினேன். அறிக்கையைப் படித்த என் கமாண்டிங் ஆபீசர் என் மேசைத் தொலைபேசியைக் காட்டி, “இது எந்தப் பக்கம் ஒலிக்கிறது?” என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து பிளட்டூனுக்குப் போகும் ஒவ்வொரு சொல்லும் லெப்டினன்ட் வழியாகவே போயிற்று. முதல் இரண்டு வாரங்கள் எல்லாமே தாமதமாயின, மூன்றாம் வாரத்தில் சரியாயின.

உங்கள் பக்கம் சுத்தமென்றால் சுபேதாரைப் பாருங்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் பணி செய்தவருக்கு, இளைஞர் ஒருவர் திணறுவதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருப்பது எளிதன்று. அவரைக் கம்பெனி அலுவலகத்துக்கு வரவழைத்துச் சொல்வதைவிட, மாலையில் அவருடைய இருப்பிடத்துக்குப் போய்த் தேநீர் குடித்துக்கொண்டு, “சாப், இந்தப் பையனை எனக்குத் தயார்செய்து கொடுங்கள்” என்று கேட்பது பலன் தரும். பொறுப்பு பறிக்கப்படவில்லை, கூடுதலாக ஒன்று தரப்படுகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டால், அவரைப்போன்ற ஆசிரியர் உங்களுக்கு எங்கும் கிடைக்கமாட்டார். இந்தப் பேச்சில் லெப்டினன்ட் இருக்கவே கூடாது.

இவ்விரண்டும் இல்லையென்றால், தெரியாததை மறைக்கவே லெப்டினன்ட் மௌனமாக இருக்கிறார். உத்தரவுக்கு முன் பத்து நிமிடம் சுபேதாருடன் தனியே உட்கார்ந்து, தன் திட்டத்தைச் சொல்லி, “இதில் நான் எதை விட்டுவிட்டேன்?” என்று கேட்கும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். கேட்ட பிறகு முடிவு லெப்டினன்ட்டுடையது. அதைத் தன் வாயால் சொல்ல வேண்டியவரும் அவரே.

எதிர்த்திசைப் பிசகும் உண்டு. சுபேதாரைக் கேட்பதே தன் நட்சத்திரங்களுக்கு இழுக்கு என்று நினைக்கும் லெப்டினன்ட், ‘சாப்’ சேர்க்காமல் அவரைப் பெயர் சொல்லி அழைத்தாலே தெரிந்துவிடும். இதை அன்றைக்கே, தனியே, சுருக்கமாகத் திருத்திவிடுங்கள். மறுநாளுக்குத் தள்ளினால் அதற்குள் அது லங்கர் முழுக்கப் பரவியிருக்கும்.

எல்லாவற்றையும் தானே செய்கிறார்

எல்.எம்.ஜி. எங்கே இருக்க வேண்டும் என்று அவரே படுத்துப் பார்க்கிறார், காவலாளிகளின் முறையை அவரே எழுதுகிறார், முன்னால் போகும் சாரணர்களோடு அவரே போகிறார். இரவு முழுக்கத் தூங்குவதில்லை. பார்ப்பதற்கு நல்ல அதிகாரியாகத் தெரிவார். இரண்டாம் நாள் மாலையில் எளிய கூட்டல் கணக்கில்கூடத் தவறுவார்.

இளைஞர்கள் இதற்கு ஆதாரமாக 1999 கார்கில் போரைக் காட்டுவார்கள். அந்த ஆண்டு ஜூலை 2-3 இரவில், படாலிக் பகுதியின் காலுபார் மலையில், 11ஆம் கூர்க்கா ரைபிள்ஸின் முதல் பட்டாலியனைச் சேர்ந்த லெப்டினன்ட் மனோஜ் குமார் பாண்டே தன் பிளட்டூனின் முன்னால் நின்று எதிரியின் பதுங்குகுழிகளை ஒன்றன்பின் ஒன்றாக அழித்தார். தோளிலும் காலிலும் குண்டு பாய்ந்த பிறகும் நிற்காமல் நான்காவது பதுங்குகுழியைத் தாக்கும்போது உயிர் துறந்தார். பரம் வீர் சக்கரம் பெற்ற அந்தச் செயலை எல்லாரும் சொல்கிறார்கள். அவர் விழுந்த பிறகும் அவருடைய வீரர்கள் நிற்கவில்லை, தாக்குதலைத் தொடர்ந்து அந்த நிலையைக் கைப்பற்றினார்கள் என்ற பிற்பாதியைச் சொல்பவர்கள் குறைவு. பிளட்டூன் பயிற்சி தருபவருக்கு அந்தப் பிற்பாதிதான் பாடம்.

எனவே சோதனையும் அதுவே. ஒரு தாக்குதல் ஒத்திகையின் நடுவில், முன்னறிவிப்பு இல்லாமல், லெப்டினன்ட்டின் தோளைத் தட்டி “நீங்கள் விழுந்துவிட்டீர்கள், படுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். அடுத்தவர் பொறுப்பை ஏற்று அடுத்த உத்தரவைக் கொடுக்க எத்தனை நேரம் ஆகிறது? ஒரு நிமிடத்துக்குள் நகர்ந்தால் அவர் முன்னால் ஓடுவது வெறும் உற்சாகம், விட்டுவிடலாம். முழு பிளட்டூனும் தரையில் படுத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தால் அவர் தனக்கு மட்டும் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறார்.

மாற்று: ஒரு வாரத்துக்கு அவருடைய கையில் மூன்று வேலைகளை மட்டும் விடுங்கள். நிலத்தைப் பார்ப்பது, முடிவெடுப்பது, எடுத்த முடிவு நடக்கிறதா என்று சரிபார்ப்பது. மற்ற ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி ஓர் ஆளை நியமித்து அந்தப் பட்டியலை உங்களிடம் தரட்டும். முழு ஓய்வுத் திட்டத்தையும் எழுதச் சொல்லுங்கள். அதில் முதல் வரி அவருடைய தூக்க நேரமாக இருக்க வேண்டும், அந்த நேரத்தில் யார் பொறுப்பு என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பகலில் வழி தவறாதவர் இரவில் தவறுகிறார்

இங்கே குணத்தைப் பற்றிய பேச்சே தேவையில்லை. அதே பாதையில் பகலில், மேப்பை மடித்துப் பையில் வைக்கச் சொல்லிவிட்டு, திசைகாட்டியையும் காலடி எண்ணிக்கையையும் மட்டும் கொண்டு ஒரு கிலோமீட்டர் நடக்கவிடுங்கள். பகலிலும் விலகினால், இதுவரை அவர் கோவில் கோபுரத்தையும் செல்போன் டவரையும் பார்த்துத்தான் நடந்திருக்கிறார், திசைக்கோணத்தை நம்பி நடக்கவில்லை. ஐந்து டிகிரி பிசகினால் ஒரு கிலோமீட்டரில் ஏறத்தாழ 87 மீட்டர் விலகுவார். 1:50,000 மேப்பில் அது 2 மில்லிமீட்டர்கூட இல்லை, நிலத்திலோ அது அடுத்த ஓடை. திசைகாட்டியை ரைபிளுக்கும் ஹெல்மெட்டுக்கும் அருகில் வைத்துப் படிக்கிறாரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்பு முள்ளை இழுக்கும்.

பகலில் சரியாக வந்து இரவில் மட்டும் தவறினால் இரண்டு காரணங்கள் உண்டு. இருட்டில் காலடி சுருங்குகிறது, ஏற்றத்தில் இன்னும் சுருங்குகிறது. சமதளத்தில், ஏற்றத்தில், இரவில் என்று மூன்று தனித்தனி எண்ணிக்கைகளை 100 மீட்டருக்கு அளந்து நோட்டின் அட்டையில் எழுதி வைத்திருக்க வேண்டும். அவர் ஒன்றுதான் வைத்திருப்பார். இரண்டாவது, அவரே திசை பார்க்கிறார், அவரே எண்ணுகிறார், பின்னால் வரும் முப்பது பேரையும் அவரே கவனிக்கிறார். திசைக்கு ஒருவர், எண்ணுவதற்கு இருவர் என்று பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பாதையைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டும் ஓடை, பாதைச் சந்திப்பு, பாலம் போல் காலில் தட்டுப்படும் ஓர் இடத்தில் முடியுமாறு வழி அட்டை தயாரிக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் வழி தவறியவரை நான் பார்த்ததில்லை.

திட்டம் மாறினால் உறைந்துபோகிறார்

எதிர்பாராத பக்கத்திலிருந்து சுடப்படுகிறது. லெப்டினன்ட் படுத்துக்கொண்டு மேப்பைப் பார்க்கிறார். செக்ஷன் கமாண்டர்கள் காத்திருக்கிறார்கள். உங்களிடமிருந்து அனுமதி கேட்டு வயர்லெஸ்ஸில் அழைப்பு வருகிறது.

இதற்கு இரண்டு வேர்கள். இரண்டுக்கும் மாற்று வேறு வேறு என்பதால் முதலில் பிரித்தறிய வேண்டும். ஆட்கள் இல்லாமல் அவரை மட்டும் நிலத்துக்கு அழைத்துச் சென்று, அதே இடத்தில் நின்று, “இந்த மரவரிசையிலிருந்து சுடுகிறார்கள், முப்பது விநாடிக்குள் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். அங்கே விடை வருகிறது, ஆட்களுடன் இருக்கும்போது வரவில்லை என்றால் அவருக்கு அறிவு இருக்கிறது, தவறினால் என்ன ஆகும் என்ற அச்சம் அதை மறைக்கிறது. அங்கேயும் விடை வரவில்லையென்றால் அவருக்கு மாதிரிகள் போதவில்லை.

மாதிரிகள் போதாதவருக்கு எண்ணிக்கைதான் மருந்து. மோவ் காலாட்படைப் பள்ளியின் இளம் அதிகாரிகள் பயிற்சியில் அவர் சில பத்துச் சூழல்களைப் பார்த்திருப்பார். அது தொடக்கம் மட்டுமே. வாரத்துக்கு மூன்று நாள், காலை பி.டி. முடிந்து திரும்பும் வழியில், ஒரு வாய்க்கால் கரையிலோ கட்டடத்தின் மூலையிலோ நின்று ஒரு சூழலைக் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம் போதும். அவருடைய முடிவை முழுக்கக் கேட்டு முடிக்கும்வரை முகத்தில் எதையும் காட்டாதீர்கள்.

அச்சத்துக்கு மருந்து உங்கள் நாக்கில் இருக்கிறது. கடைசியாக அவர் தவறு செய்தபோது நீங்கள் எங்கே, யார் முன்னால், என்ன சொன்னீர்கள்? வீரர்கள் காதில் விழும்படி ஒரு முறை திட்டு வாங்கிய லெப்டினன்ட், அடுத்த ஆறு மாதங்களுக்கு ஒவ்வொரு முடிவையும் உங்களிடம் கேட்டே எடுப்பார். பயிற்சிக்குப் பிந்தைய கலந்துரையாடலை மாற்றியமையுங்கள். தரையில் வட்டமாக உட்கார்ந்து, என்ன நடக்க வேண்டுமென்று இருந்தது, என்ன நடந்தது, ஏன் வேறுபட்டது என்ற வரிசையில் போக வேண்டும். முதலில் பேசுபவர் பணியில் இளையவர், கடைசியில் பேசுபவர் நீங்கள். உங்கள் பேச்சில் முதல் வாக்கியம் நீங்கள் செய்த தவறாக இருக்கட்டும். அவரிடமிருந்து அனுமதி கேட்டு அழைப்பு வந்தால், “உங்கள் முடிவு என்ன, அதைச் சொல்லுங்கள்” என்று மட்டும் பதில் அளியுங்கள். தவறான முடிவாக இருந்தாலும், எவருக்கும் காயம் வராத வரையில், அந்த ஒத்திகையை அப்படியே ஓடவிடுங்கள்.

வயர்லெஸ்ஸில் சத்தம் வருகிறது, தகவல் வருவதில்லை

எத்தனை பேர், எங்கே, என்ன செய்கிறார்கள், நான் என்ன செய்கிறேன் என்ற நான்கையும் மூச்சு விடாமல் பேசுவதற்கு முன் அட்டையில் ஒரு சொல் வீதம் குறித்துக்கொண்டு, பிறகே பட்டனை அழுத்த வேண்டும். சுடும் உத்தரவிலும் இதே குறை தென்படும். “அங்கே சுடு” என்று கையைக் காட்டினால் படுத்திருப்பவருக்குக் கை தெரியாது. எந்தக் குழு, எத்தனை மீட்டர், எந்த அடையாளத்திலிருந்து எந்தப் பக்கம், எப்படிச் சுடுவது என்ற வரிசையில் வர வேண்டும்: “3ஆம் செக்ஷன், 200 மீட்டர், தனிப் பனைமரம், 4 மணித் திசையில் கல் சுவர், விட்டுவிட்டுச் சுடு.” ஒரு மைதானத்தில் பத்து டின்களை மறைத்து வைத்து, ஒருவர் சொல்லி மற்றவர் கண்டுபிடிக்கும் விளையாட்டாக இதைப் பழக்கினால் ஒரே வாரத்தில் திருந்திவிடும்.

“ஆட்கள் எல்லாரும் நலம்” என்று சொல்கிறார்

நலமா என்று நீங்கள் கேட்டால் நலம் என்றுதான் விடை வரும். அதற்குப் பதிலாக மூன்று ஆட்களின் பெயரைச் சொல்லி, அவர்கள் கடைசியாக எப்போது வீட்டுக்குப் போனார்கள், வீட்டில் இப்போது என்ன கவலை, காலில் கொப்புளம் இருக்கிறதா என்று கேளுங்கள். பிளட்டூன் நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சொன்னால் பாதி மதிப்பெண். நோட்டே இல்லையென்றால் அவர் ரோல் காலில் எண்ணிக்கையை மட்டும்தான் பார்க்கிறார்.

நெடுநடைக்குப் பிறகு காலணிகளைக் கழற்றச் சொல்லி, ஒவ்வொருவர் பாதத்தையும் டார்ச் வெளிச்சத்தில் லெப்டினன்ட்டே குனிந்து பார்க்க வேண்டும். இதை ஹவில்தாரிடம் விடலாமே என்று கேட்பார்கள். விடலாம், ஆனால் முதல் ஆறு மாதங்களுக்கு வேண்டாம். பாதத்தைப் பார்க்கும் அந்த அரை நிமிடத்தில்தான் அந்தச் சிப்பாய் விடுப்பைப் பற்றியும், நிலத்தகராறைப் பற்றியும், அம்மாவின் ஆபரேஷனைப் பற்றியும் வாய் திறப்பார். எந்தக் குறைகேட்புக் கூட்டத்திலும் அவை வெளிவருவதில்லை.

உயரமான மலைப்பகுதியில் இந்தக் குறை உயிரைக் குடிக்கும். 9,000 அடிக்கு மேல் 6 நாட்கள், 12,000 அடிக்கு மேல் 4 நாட்கள், 15,000 அடிக்கு மேல் மீண்டும் 4 நாட்கள் என்று படிப்படியாக உடலைப் பழக்க வேண்டுமென்பது நமது ராணுவத்தின் நடைமுறை. முதல் இரண்டு நாட்கள் ஓய்வு என்பதைச் சோம்பல் என்று எண்ணி, ஆட்களை ஓட்டப் பயிற்சிக்கு அழைத்துப் போகும் லெப்டினன்ட்டும் உண்டு. ‘சரியாக இருக்கிறேன், சார்’ என்று சொல்லும் சிப்பாயின் சாப்பாட்டுத் தட்டையும் நடையையும் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். தலைவலியை மறைக்கலாம், மிஞ்சிய சப்பாத்தியை மறைக்க முடியாது.

ரோந்து அறிக்கை அடையாத இடத்தை அடைந்ததாகச் சொல்கிறது

இதுவரை சொன்னவை எல்லாம் பயிற்சியின் பிசகுகள். இது அந்த வகை அன்று, எனினும் அறிகுறியாக வரும்போது மற்றவற்றைப் போலவே தோன்றும். அறிக்கையில் நேரங்கள் மட்டும் மிகத் துல்லியமாக இருக்கும், நிலத்தைப் பற்றிய விவரம் மங்கலாக இருக்கும். ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர் இருந்ததா, நாய் குரைத்ததா, கரையில் புதிய காலடிகள் இருந்தனவா என்று கேட்டால் விடை தாமதமாகும். முன்னால் போன சாரணரிடம் தனியே கேட்டால் அவருடைய ஓடை வேறாக இருக்கும்.

உண்மை உறுதியானால் அன்றே அறிக்கையைத் திரும்பப் பெற்று, சரியான இடத்தை மேலே தெரிவியுங்கள். அந்த அறிக்கையை நம்பி எவரேனும் பீரங்கிக் குண்டைப் போடவோ, வேறொரு ரோந்தை அனுப்பவோ கூடும். அதைத் தடுப்பது எதையும்விட முந்தியது. அடுத்து லெப்டினன்ட்டைத் தனியே உட்காரவைத்து, திரும்பிவிட முடிவுசெய்தது எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, ஏன் என்று கேளுங்கள். வழி தவறியிருந்தால் அது மேலே சொன்ன இரவு நடைப் பிசகு. ஆட்கள் களைத்திருந்தால் ஓய்வுத் திட்டத்தின் பிசகு. “போகவில்லை என்று சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்களோ என்று பயந்தேன்” என்று சொன்னால், கடந்த மூன்று மாதங்களில் தோல்வியை உள்ளபடி சொன்ன எந்த அதிகாரிக்கு உங்கள் கம்பெனியில் என்ன நேர்ந்தது என்று நினைத்துப் பாருங்கள். இவை எதுவும் இல்லாமல், தெரிந்தே, இரண்டாம் முறையும் அப்படி எழுதினால் அது உங்கள் கையில் நிற்கக் கூடாது; கமாண்டிங் ஆபீசரிடம் போக வேண்டும்.

முதல் முறை என்றால், அடுத்த இரவே அதே பாதையில் அதே லெப்டினன்ட்டை அதே ஆட்களுடன் அனுப்புங்கள். ரேங்க் பட்டையைக் கழற்றிவிட்டு, ரைபிளும் தண்ணீர்ப் பாட்டிலுமாகக் கடைசி ஆளாக நீங்களும் போங்கள். வழியில் எதையும் சொல்லாதீர்கள். ஓடை வரை போய், தண்ணீரில் கால் நனைத்து, திரும்பி வந்தபின் அறிக்கையை அவரே எழுதட்டும். அதில் உங்கள் பெயரை, கடைசி வரிசையில், மற்ற ரைபிள்காரர்களோடு சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.